கணக்குப் பரீட்சையும் கை நழுவிய ஞானப்பழமும்



பரீட்சை நேரம் வந்தாலே தம்பி தங்கைகள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, முருகன் கிட்ட மார்க் கேட்கலாமா? கேட்டா குடுப்பாரா?"

இதுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி என் பத்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சையைச் சொல்லிடறேன்.

வீடு பட்டாபிராம். அன்னிக்குக் காலையில அம்மா ஹால் டிக்கெட்டை முருகர் படத்துக்கு முன்னாடி வெச்சு எடுத்துக் குடுத்தாங்க. நெத்தி நிறைய விபூதி. "பாஸாயிட்டா திருத்தணியில எனக்கு மொட்டை"ன்னு அம்மா வேண்டிக்கிட்டாங்க. எனக்கு இல்லை, அவங்களுக்கு.

பத்து மணிக்கு மணி அடிச்சது. கேள்வித்தாளைப் படிக்கப் பத்து நிமிஷம், விவரங்களைச் சரிபார்க்க அஞ்சு நிமிஷம். அதுக்கப்புறம் மூணு மணி நேரம். ஒரு வருஷம் படிச்ச படிப்பு அந்த ஒரு காலைக்குள்ள அடங்கணும். ரெண்டாவது கணக்குலயே கை நடுங்க ஆரம்பிச்சது. தெரிஞ்ச சூத்திரம்கூட மறந்து போச்சு. முன் பெஞ்சுல இருந்த பையன் அடிஷனல் ஷீட் வாங்கிட்டே இருந்தான். அவன் நெத்தியிலயும் அதே விபூதி.

ரிசல்ட் வந்தது. நூத்துக்கு 35 எடுத்தா பாஸ். நான் எடுத்தது 29. அவன் பாஸ்.

அன்னைக்கு முருகர் மேல வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். ரெண்டு பேரும் ஒரே சாமியைத்தானே கும்பிட்டோம்? அவன் மேல மட்டும் என்ன தனிப் பாசம்? போனை அணைச்சுட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். திருத்தணி போற எலக்ட்ரிக் ட்ரெயின் வந்தது, ஏறிட்டேன். எங்கே போறோம்னு யோசிக்கவே இல்லை. திருநின்றவூர், திருவள்ளூர், அரக்கோணம் எல்லாம் ஜன்னல்ல ஓடிப் போச்சு. கடைசியில 365 படி ஏறி மலை மேல உட்கார்ந்தேன். சூரனோட போர் முடிஞ்சு முருகன் சினம் தணிஞ்ச இடம் அதுன்னு சொல்வாங்க.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது ஞானப்பழக் கதை ஞாபகம் வந்தது. நமக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். ஆனா தோத்தவன் கண்ணால அன்னைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்.

உலகத்தை யார் முதல்ல சுத்தி வர்றாங்களோ அவங்களுக்குப் பழம். கேள்வி அவ்வளவுதான். முருகன் மயில் ஏறி நிஜமாவே உலகத்தைச் சுத்தினார். பிள்ளையார் அம்மையப்பனைச் சுத்தினார். பழம் அவருக்கு. அதிகம் உழைச்சது யாரு? முருகன். வென்றது யாரு? அண்ணன். ஆக, நாம மார்க் கேட்டுக் கும்பிடுற சாமியே ஒரு பரீட்சையில தோத்து, கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போனவர்தான்!

அதனால அவர் ஞானம் குறைஞ்சதா? பிரம்மாவையே நிறுத்திப் பிரணவத்துக்குப் பொருள் கேட்டவர் அவர். சுவாமிமலையில பெத்த அப்பனுக்கே குருவா இருந்து உபதேசம் செஞ்சவர். ஒரு நாள் பரீட்சை, அந்த நாள் கேட்ட கேள்விக்கு நீ என்ன எழுதினேன்னு மட்டும்தான் சொல்லும். நீ யாருன்னு அதுக்குத் தெரியாது.

அப்போ படிக்கவே வேண்டாமா? அப்படி இல்லை. முருகன் "எப்படியும் அண்ணன்தான் ஜெயிப்பான்"னு மயிலைக் கட்டிப் போட்டு உட்காரலையே! சுத்த வேண்டியதை முழுசா சுத்தினார். உழைப்பு நம்ம பங்கு. அதைச் செய்யாம வேண்டுதல் மட்டும் வெச்சா, அது பக்தி இல்லை, பேரம். எனக்கு மார்க்கைக் கூட்டிப் போட்டு முன் பெஞ்ச் பையனுக்குக் குறைச்சிருந்தா, அது அருளும் இல்லை, அநியாயம்.

ராத்திரி வீட்டுக்கு வந்தேன். அம்மா ஒரு வார்த்தை திட்டலை. சோறு போட்டாங்க. அந்த வாரமே என்னைக் கூட்டிட்டுத் திருத்தணி போய் மொட்டை போட்டுக்கிட்டாங்க. "நான்தான் ஃபெயிலாச்சேம்மா, எதுக்கு மொட்டை?"ன்னு கேட்டேன்.

"பாஸாகணும்னு வேண்டினது அன்னைக்குக் காலையில. ரிசல்ட் அன்னைக்கு நீ போனை எடுக்கலை பாரு, அப்பவே வேண்டுதலை மாத்திட்டேன். புள்ள வீடு வந்து சேர்ந்தா போதும் முருகான்னு."

துணைத் தேர்வு எழுதினேன், பாஸானேன். அதே வருஷம் பதினொண்ணாம் வகுப்புல சேர்ந்தேன். இப்போ அந்த 29 மார்க்கைப் பத்தி யாரும் என்கிட்ட கேட்கிறதில்லை. அம்மாவோட அந்த மொட்டைத் தலை மட்டும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

அதனால என் பதில் இதுதான். முருகன் கிட்ட தாராளமா கேளுங்க. படிச்சது மறக்காம இருக்கக் கேளுங்க, கை நடுங்காம இருக்கக் கேளுங்க. கூடவே, எந்த ரிசல்ட் வந்தாலும் வீடு திரும்புற தைரியத்தையும் கேளுங்க. கோவிச்சுக்கிட்டு மலை ஏறின பிள்ளையைத் தேடி அம்மையப்பனே போனாங்க. உங்களைத் தேடவும் ஆள் இருக்காங்க. மனசு ரொம்ப பாரமா இருந்தா 104 அல்லது 14416க்கு ஒரு போன் போடுங்க. பேசுறது தோல்வி இல்லை.

பரீட்சை எழுதப் போற உங்க தம்பி தங்கைக்கு இதை அனுப்புங்க. ரிசல்ட் அன்னைக்கும் ஒரு தடவை அனுப்புங்க.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்!