தலை குனிந்தவரும் பெயர் எழுதியவரும்

பையன் பல நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. ஊரே இரும்பு உருக்குகிறது. பள்ளிக்கூடமும் உருக்க வேண்டும் என்று உத்தரவு. அம்மா, பிள்ளை தூங்கட்டும் என்கிறாள். அப்பா கேட்கவில்லை. ஒரு காலத்தில் பணக்கார வீட்டுப் பிள்ளையாக இருந்தவர் அவர். தன் வீட்டுப் பையன் மட்டும் வராமல் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம். தூங்கிக்கொண்டிருக்கும் மகனை முதுகில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளியில் விடுகிறார். அங்கே ஒரு சுவரோரம் பையன் கண்ணயர்கிறான். மாவட்டத் தலைவரின் வண்டி பின்னால் வந்து சுவரில் மோதுகிறது. சுவர் இடிந்து பையன்மேல் விழுகிறது. வண்டி ஓட்டிய மாவட்டத் தலைவர் அப்பாவின் பழைய நண்பர்.

சீன இயக்குநர் ஜாங் யிமோவின் ‘டு லிவ்’ படத்தில் வரும் காட்சி இது. யூ ஹுவாவின் நாவலைத் தழுவி 1994இல் வந்தது. கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசு பெற்றது. சொந்த நாட்டுத் திரையரங்குகளில் காட்ட அனுமதி கிடைக்கவில்லை. 1940களில் தொடங்கி உள்நாட்டுப் போர், புரட்சி, பெரும் பாய்ச்சல், கலாச்சாரப் புரட்சி என்று ஒவ்வொன்றும் ஒரே குடும்பத்தின் மேல் ஏறிப் போகிறது. ஃபூகுய், அவர் மனைவி ஜியாஜென், இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கு எந்தக் கொள்கையும் இல்லை. பிழைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் படம் எழுப்பும் கேள்வி மலேசியாவின் கெடா மாநிலத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல. பிழைத்திருப்பதற்காகத் தலை குனிந்தவர் செய்தது தவறா? குனிந்த தலை இன்னொருவர் சாவுக்கு வழிவிட்டிருந்தால், அதற்கு யார் பதில் சொல்வது?

1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் தோற்றுப் பின்வாங்கியது. தோட்டத்துத் துரைகளும் கிளம்பிப் போனார்கள். தோட்டங்கள் கணக்கு எழுதும் கிராணிகள், வேலை வாங்கும் கங்காணிகள் கையில் நின்றன. ரப்பருக்குச் சந்தை இல்லை. மரவள்ளிக்கிழங்கு சோறானது, கோணிச்சாக்கு துணியானது. ‘ஜப்பான்காரன் காலம்’ என்று இன்றும் முதியவர்கள் சொல்லும் காலம். பிறகு சயாமுக்கு ஆள் எடுப்பு வந்தது. தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் வேண்டும். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, முன்பணம், மூன்று மாத வேலை என்று முதலில் ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் யாரும் முன்வரவில்லை. அப்போது ஒவ்வொரு தோட்டமும் இத்தனை பேரைத் தர வேண்டும் என்று எண்ணிக்கை வந்தது.

மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். அவர்களில் பாதிப்பேருக்குக் குறையாமல் மாண்டிருப்பார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கணிப்பு. அவர்களைச் சாமான் வண்டிகளில் அடைத்துக்கொண்டு வடக்கே போன ரயில்கள் சுங்கை பட்டாணியையும் அலோர் ஸ்டாரையும் தாண்டித்தான் போயின. காலராவும் மலேரியாவும் பசியும் காட்டில் காத்திருந்தன. 1943 அக்டோபரில் பாதையின் இரு முனைகளும் இணைந்தன. அதே மாதம் கெடாவையே ஜப்பானியர் சயாமிடம் ஒப்படைத்தார்கள்.

அந்த எண்ணிக்கையைப் பெயர்களாக மாற்றியது யார் என்பதில்தான் அறச்சிக்கல் தொடங்குகிறது.

தோட்டத்தில் விடிவதற்கு முன் பெரட்டு நடக்கும். இருட்டில் எல்லோரும் வரிசையில் நிற்க, கிராணி செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் படிப்பார். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு எத்தனை நாள் கூலி, எல்லாம் அதில் இருக்கும். ஆள் பட்டியல் போட வேறெங்கும் தேட வேண்டியதில்லை. கூலி கணக்குப் பார்த்த அதே புத்தகம் போதும். எண்ணிக்கை ஜப்பானியருடையது. அந்த எண்ணிக்கைக்குள் எந்தப் பெயர் விழ வேண்டும் என்பதில் தோட்டத்துப் பெரிய ஆள்களுக்குக் கை இருந்தது. தன் தம்பியை விட்டுவிட்டிருக்கலாம். எதிர்த்துப் பேசியவனை முதலில் எழுதியிருக்கலாம். கேட்க நாதியில்லாத ஒண்டிக்கட்டையை எழுதிவிட்டு, பிள்ளைகுட்டிக்காரனை விட்டுவைத்து, அதையே நியாயம் என்று நம்பியும் இருக்கலாம்.

கிராணிக்கும் பயம் இருந்தது. எழுத மறுத்திருந்தால் முதல் பெயர் அவருடையதாக இருந்திருக்கும். துப்பாக்கி முனையில் நின்றவரைப் பார்த்து, எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு பாதுகாப்பாக உட்கார்ந்துகொண்டு, ‘நீ ஏன் மறுக்கவில்லை’ என்று கேட்பது எளிது. அந்தக் கேள்வியில் நேர்மை குறைவு. வீரமாகச் செத்திருக்க வேண்டும் என்று இன்னொருவரிடம் கேட்கும் உரிமை எவருக்கும் கிடையாது. இந்த அளவுக்கு அவர் பக்கம் நியாயம் உண்டு.

ஆனால் இத்தனை பேர் என்று கேட்டபோது பணிந்தது ஒரு செயல்; இன்னார் போகட்டும் என்று தேர்ந்தது இன்னொரு செயல். முதலாவதில் அவருக்கு வழியில்லை. இரண்டாவதில் கொஞ்சம் இருந்தது. அந்தக் கொஞ்சத்துக்கு அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். தூக்கிலிட வேண்டும் என்பதல்ல. திரும்பி வராதவனின் தாய்க்கு முன்னால் நின்று, ‘எழுதியது நான்தான்’ என்று சொல்லும் கடமை அது.

படத்தில் இதற்கு ஓர் உரைகல் இருக்கிறது. மகன் சாவுக்குக் காரணமான மாவட்டத் தலைவர் சுன்ஷெங்கை ஜியாஜென் மன்னிக்கவில்லை. அவன் பணத்தை வாங்க மறுக்கிறாள். வருடங்கள் கழித்துக் கலாச்சாரப் புரட்சியில் அவனையே முதலாளித்துவவாதி என்று வேட்டையாடுகிறார்கள். மனைவியைப் பறிகொடுத்து, சாக நினைத்து, ஓர் இரவு அந்த வீட்டுக்கு வருகிறான். அவள் கதவைத் திறந்து உள்ளே வரச் சொல்கிறாள். அவன் போகும்போது, நீ எங்களுக்கு ஓர் உயிர் கடன்பட்டிருக்கிறாய், அதனால் நீ வாழ்ந்தே ஆக வேண்டும் என்கிறாள். பழி வாங்கவும் இல்லை, கடனைத் தள்ளுபடி செய்யவும் இல்லை. கடன் இருக்கிறது என்பதை இருவரும் வாய்விட்டு ஒப்புக்கொள்கிறார்கள். அதன் பிறகுதான் அவர்களுக்குள் மனித உறவு சாத்தியமாகிறது.

தோட்டங்களில் அந்த இரவு வரவே இல்லை. 1945இல் ஜப்பானியர் போனார்கள், வெள்ளையர் திரும்பினார்கள். தோட்டம் திறந்தது. சயாமிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் பலர் மறுபடி அதே பெரட்டில், அதே கிராணி வர்க்கத்தின் முன் நின்றார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே அடங்கிக் கிடந்தது வேறு வழியில் வெளிவந்தது. பீடோங் பக்கம் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. தோட்டத் தொழிலாளி நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றது. 1947இல் பீடோங்கிலும் டப்ளின் தோட்டத்திலும் போலீஸ் பாய்ந்தது. உயிர்ப்பலி நேர்ந்தது, பலர் சிறை போனார்கள். கெடாவின் தமிழ்த் தொழிலாளர் வரலாற்றில் இதைவிடப் பெருமைக்குரிய பக்கம் குறைவு. அந்தக் கோபத்துக்குள் சயாம் பட்டியலின் நினைவும் எரிந்தது என்று நினைக்க எல்லாக் காரணமும் உண்டு.

1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. 1960 ஜூலை வரை நீடித்தது. சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்துக்கு மாற்றி முள்வேலி போட்டார்கள். ஊரடங்கு, அடையாள அட்டை, உணவுக் கட்டுப்பாடு. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதால் வேலிக்கு வெளியே உணவு கொண்டுபோவதே குற்றமாகக்கூடிய காலம். பக்கத்தில் சீனக் குடும்பங்களைப் புறம்போக்கிலிருந்து பெயர்த்துப் புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். சங்கம் என்று வாயெடுத்தாலே சந்தேகம். பேசாமலிருக்கத் தோட்டத்துக்குக் கற்றுக்கொடுத்தது இந்தப் பன்னிரண்டு ஆண்டுகள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்தபோது, அப்பா இந்தியாவுக்குக் கப்பலேறி, பிள்ளைகள் இங்கேயே நின்ற வீடுகளிலும் அதே மௌனம்தான். ‘தாத்தா ஊருக்குப் போயிட்டாரு’ என்பதோடு கதை முடியும்.

இந்த மௌனத்தைக் குறை சொல்லலாமா? ஆபத்து தலைக்கு மேல் இருந்தவரை முடியாது. பிள்ளைகளைக் காப்பாற்றிய மௌனம் அது. அதைக் கோழைத்தனம் என்பவர்கள் ஒரு நாளும் முள்வேலிக்குள் குடும்பம் நடத்தியவர்களாக இருக்க முடியாது. ஆனால் ஆபத்து நீங்கிய பிறகும் அதே மௌனம் தொடர்ந்தால், அது காப்பது வேறு யாரையோ. பட்டியல் எழுதியவரைக் காக்கிறது. பட்டியல் கேட்ட ஆட்சியைக் காக்கிறது. செத்தவரை இரண்டாவது முறை புதைக்கிறது.

மௌனம் இன்னொன்றும் செய்கிறது. குற்றத்தைத் தவறான விலாசத்துக்கு அனுப்பிவிடுகிறது. படத்தில் ஃபூகுயின் மகள் பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகிறாள். தேர்ந்த மருத்துவர்களையெல்லாம் விரட்டிவிட்டு அனுபவமில்லாத சிறுமிகள் ஆஸ்பத்திரியை நடத்துகிறார்கள். பட்டினியாகக் கிடந்த பழைய பேராசிரியரைப் பிடித்து வருகிறார்கள். ஃபூகுய் வாங்கிக்கொடுத்த பன்களை ஒரேயடியாகத் தின்று அவர் செயலிழந்துவிடுகிறார். பல வருடம் கழித்தும் ஃபூகுய் நொந்துகொள்வது தன்னைத்தான்: அத்தனை பன் கொடுத்திருக்கக் கூடாது. மருத்துவர்களை விரட்டியது யார் என்ற கேள்வி அவர் வாயில் வரவே இல்லை. முன்பணத்தை நம்பி மகனைச் ‘சரி, போய்ட்டு வா’ என்று அனுப்பிய தாய்மார்களும் இப்படித்தான் தங்களையே நொந்து செத்திருப்பார்கள். உண்மையை உரக்கச் சொல்லியிருந்தால் அந்தப் பாரத்தில் பாதியாவது இறங்கியிருக்கும்.

‘எதுக்குக் கிளறணும்’ என்று கேட்பவர்களின் தயக்கத்தில் இரண்டுக்கு மதிப்புண்டு. முதலாவது, பட்டவருக்குச் சொல்லாமலிருக்கும் உரிமை இருக்கிறது. எண்பது, தொண்ணூறு வயதில் ஒருவரை உட்காரவைத்துப் புண்ணைக் கீறுவது கொடுமை. கேட்பதற்கு நாம் தயாராக இருக்கிறோம் என்று காட்டுவதே நம் கடமை, பறிப்பது அல்ல. இரண்டாவது, பட்டியல் எழுதியவரின் பேரப்பிள்ளைகளும் செத்தவரின் பேரப்பிள்ளைகளும் இன்று சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ ஒரே தாமானில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கலாம். தாத்தா செய்ததற்குப் பேரன் பழி சுமக்க வேண்டியதில்லை. ஆகவே பெயரை விட்டுவிடலாம். செயலை விட முடியாது. தோட்டத்தின் பெயர், எத்தனை பேர் போனார்கள், யார் சொல்லிப் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்பதைச் சொல்வதால் எந்தப் பேரனுக்கும் அநீதி நேராது.

ஃபூகுய் தன் மகனுக்கு ஒரு கதை சொல்வார். கோழிக்குஞ்சு வளர்ந்தால் வாத்தாகும், வாத்து ஆடாகும், ஆடு மாடாகும், மாட்டுக்குப் பிறகு கம்யூனிசம் வந்துவிடும் என்று. கடைசியில் பேரனுக்கும் அதே கதையைச் சொல்கிறார். கடைசிப் படியை மட்டும் காணோம். ரயில், விமானம் என்று பேச்சு வேறு பக்கம் போகிறது. எது விடுபட்டது என்று படம் பார்க்கும் நமக்குத் தெரியும். பேரனுக்குத் தெரியாது. அந்தத் தாத்தா அன்பினால் செய்தது அது. ஆனாலும் பேரனுக்கு நியாயம் செய்யவில்லை. தன் வீட்டை எது அழித்தது என்று தெரியாமல் வளரும் பிள்ளை, அது மறுபடி வந்தால் அடையாளம் காண மாட்டான்.

குடும்பங்கள் செய்யாததை நாவலாசிரியர்கள் செய்திருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, கெடாவின் கோ. புண்ணியவான் எழுதிய ‘கையறு’ எல்லாம் அந்தக் கடனை எழுத்தில் ஏற்றவை. ஆனால் நாவல் ஊருக்குப் பொதுவானது. உங்கள் வீட்டிலிருந்து போனவரின் பெயர் அதில் இருக்காது. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் நினைவுகூரப்படுகிறார்கள். அதே பாதையில் செத்த தோட்டத்துத் தமிழர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை.

1943இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. கோவில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளி, முன்னாள் மாணவர் சங்கம் எதுவானாலும் சரி, தோட்டம் தோட்டமாக ஒரு பட்டியலை இந்த ஆண்டே தொடங்க வேண்டும். சயாமுக்குப் போனவர்களின் பட்டியல். அன்று அவர்களைச் சாகக் கொடுக்கப் பெயர் எழுதினார்கள். இன்று அவர்களை நினைவில் வைக்க நாம் எழுதுவோம். வீட்டில் பெரியவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள்; சொல்ல முன்வந்தால் குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.