எண்ணினால் எய்துமோ?

வேண்டுவதை உள்ளத்தில் உறுதியாக எண்ணி, அது கிட்டிவிட்டதாகவே நம்பினால் உலகம் அதனைக் கொணர்ந்து சேர்க்கும் என்னும் போதனை இன்று படித்தவரிடையே பரவி வருகின்றது. நார்மன் வின்சென்ட் பீல் 1952ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலால் நேர்மறைச் சிந்தனை புகழ் பெற்றது. 2006இல் ரோண்டா பைர்ன் எழுதிய 'தி சீக்ரெட்' இப்போதனையை ஈர்ப்பு விதி என்னும் பெயரால் உலகெங்கும் பரப்பிற்று. பௌத்தராகிய நாம் இதனை ஆராயாது ஏற்றலும் தகாது. ஆராயாது தள்ளலும் தகாது.

தம்மபதத்தின் தொடக்கமே மனத்தை முதன்மையாகக் கூறவில்லையோ எனச் சிலர் வினவுவர். கூறுகின்றதுதான். ஆயின் அங்கே மனம் முந்துவது நம் சொல்லுக்கும் செயலுக்குமேயாம். மழைக்கும் ஊதியத்துக்கும் மனம் ஆணையிடும் என்று பகவன் போதித்தாரில்லை. நீண்ட ஆயுள், அழகு, இன்பம், புகழ், சுவர்க்கம் ஆகிய ஐந்தும் வேண்டுதலாலும் விருப்பத்தாலும் வாரா என்றும், அவற்றுக்குரிய நெறியில் ஒழுகுதலே வழியென்றும் அவர் அனாதபிண்டிகருக்கு உரைத்ததை அங்குத்தர நிகாயத்திற் காணலாம்.

தில்லி துவாரகாவில் வாழ்வோர் இவ்வுண்மையைத் தம் வீட்டுக் குழாயிலேயே காண்பர். அப்பகுதி பல்லாண்டுகள் தண்ணீர் லாரிகளையும் ஆழ்குழாய்க் கிணறுகளையும் நம்பியிருந்தது. நீரை விரும்பாத குடும்பம் அங்கே இருந்ததுண்டோ? அரியானாவிலிருந்து முனக் கால்வாய் வழியே நீர் வந்து, சுத்திகரிப்பு நிலையம் இயங்கிய பின்னரே நிலைமை சீர்பட்டது. 2016 பிப்ரவரியில், அரியானாக் கிளர்ச்சியின்போது அக்கால்வாய் சேதமுற்றதும் தில்லியின் பல பகுதிகளுக்கு நீர் நின்றது. அன்று மக்களின் எண்ணமா குன்றிற்று? காரணம் அற்றது, காரியமும் அற்றது. மணிமேகலை விளக்கும் சார்பின் தோற்றம் இதுவே.

இப்போதனையின் கேடு அது பொய்ப்பதோடு முடிவதில்லை. எண்ணியவர்க்கெல்லாம் கிட்டும் எனின், கிட்டாதவர் எண்ணம் பழுதுடையது என்றாகிவிடும். நோயுற்றவள் தன் நோயைத் தானே அழைத்தாள் என்றும், வேலை மறுக்கப்பட்டவன் நம்பிக்கையிற் குறைந்தவன் என்றும் பழி துன்புற்றவர் மீதே விழும். நம்மவர்க்கு இக்குரல் புதிதன்று. முற்பிறப்பின் வினையால் இழிந்து பிறந்தாய் என்று நம் முன்னோர்க்குச் சொல்லப்பட்ட தீர்ப்பே இன்று வேறு உடை தரித்து வருகின்றது. அன்று குற்றவாளி முற்பிறப்பு. இன்று குற்றவாளி உள்ளம். சாதியும் கூலிக்குறைவும் மட்டும் எந்நாளும் குற்றமற்றவை! அனுபவிப்பன யாவும் முன்வினையால் என்னும் கொள்கையையே பகவன் சீவகன் என்னும் துறவிக்கு மறுத்தார். உடற்கூறு, பருவமாற்றம், பிறர் தாக்குதல் முதலியனவும் துன்பத்துக்குக் காரணமாம் என விளக்கினார்.

அங்ஙனமாயின் உள்ள உறுதிக்குப் பயனில்லையோ? உண்டு. 1927 மார்ச்சு 20ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் மகாடு நகரின் சவுதார் குளத்துக்கு நடந்து சென்று நீர் பருகினார். குளநீரில் தமக்கும் உரிமையுண்டு என்ற உறுதி அவர்தம் கால்களை நடத்திற்று. நீதிமன்றத்தில் பல்லாண்டு வழக்காடச் செய்தது. 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

ஆதலின், அன்பர்களே, நல்லதை எண்ணுவோம். அதற்குரிய காரணங்களை ஆராய்ந்து, ஒன்றுகூடி முயல்வோம். துன்புற்று வருவோரிடம் நீ என்ன எண்ணினாய் என்று கேளாது, என்ன நேர்ந்தது என்று கேட்போம். நன்முயற்சியும் கருணையும் அங்கேதான் தொடங்குகின்றன.