கழித்துக் காட்டக் கூடாத கணக்கு

நான் ஆடிட்டர். ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும்போது கணக்கைத் தோண்டிப் பார்ப்பதே பிழைப்பாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகு சைவ சித்தாந்த வகுப்பில் சேர்ந்தேன். அங்கே ஆசிரியர் சொன்ன ஒன்று, தொழில் காரணமாகவோ என்னவோ, உடனே மனதில் ஒட்டிக்கொண்டது. நல்வினை தீவினையைக் கழிக்காது. இரண்டின் பயனையும் தனித்தனியே அனுபவித்தே தீர்க்க வேண்டும். எங்கள் கணக்கியல் தரநிலையும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. விதி அனுமதித்தாலொழிய, சொத்தில் கடனைக் கழித்து மீதியை மட்டும் காட்டக் கூடாது.

இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.இ. மின் நிறுவனத்தைப் பார்க்கிறேன். ஐரோப்பாவில் கரியமில வாயுவை மிக அதிகம் வெளியிடும் நிறுவனங்களில் ஒன்று. அங்கே 2005 முதல் உமிழ்வு வணிகம் நடக்கிறது. வெளியிடும் ஒவ்வொரு டன்னுக்கும் ஓர் உரிமத்தை ஒப்படைக்க வேண்டும். மொத்த உரிமங்களுக்கு உச்சவரம்பு உண்டு, அது ஆண்டுதோறும் இறங்கும். 2023 பிப்ரவரியில் உரிமத்தின் விலை முதன்முறையாக 100 யூரோவைத் தொட்டது. பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறும். அந்த விலையில் யூனிட்டுக்குப் பத்து சென்ட் இதற்கே போய்விடும். இயக்குநர் குழுவுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் உபதேசம் செய்ய முடியாது.

2022 அக்டோபரில் அந்த நிறுவனம், அமெரிக்காவின் கான் எடிசன் நிறுவனத்திடமிருந்து அதன் பசுமை மின்சாரப் பிரிவை 680 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதே மாதம், ரைன் பகுதியில் பழுப்பு நிலக்கரியை 2030-க்குள் நிறுத்த அரசுடன் உடன்பாடு. அதே உடன்பாட்டின்படி, லுட்சராத் என்ற சிற்றூரின் அடியில் கிடந்த நிலக்கரிக்காகச் சுரங்கத்தை விரிக்கவும் வழி பிறந்தது. 2023 ஜனவரியில் அங்கே போராடியவர்களைப் போலீசார் அப்புறப்படுத்தினார்கள். மார்ச்சில் அமெரிக்கக் கொள்முதல் நிறைவேறியது. அந்தச் சுரங்கத்துக்காகவே பக்கத்து இம்மெராத்தில் 2018-இல் ஒரு தேவாலயத்தை இடித்திருந்தார்கள்.

கார்பன் கிரெடிட் வணிகம் புதுவகை ஊகவணிகமாகிவிடக்கூடும் என்று போப் பிரான்சிஸ் 2015-இல் ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடலில் எச்சரித்தார். எனக்கு அவ்வளவு அவநம்பிக்கை இல்லை. விலை என்று ஒன்று இல்லாவிட்டால் கூச்சமே இல்லாமல் எரித்துக்கொண்டிருப்பார்கள். பயந்து செய்த நன்மை நன்மையா என்றும் கேட்க மாட்டேன். வானம் நோக்கத்தை விசாரிப்பதில்லை. நான் கேட்பது வேறு: இங்கே வினை என்று ஒன்று நடந்ததா?

அமெரிக்காவில் வாங்கியவற்றில் சுமார் 3,000 மெகாவாட், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நிலையங்கள். பெரும்பாலும் சூரிய மின்சாரம். உரிமையாளர் பெயர் மாறியதால் அவற்றில் ஒரு யூனிட்கூடக் கூடுதலாக உற்பத்தியாகவில்லை. விற்றவருக்குப் பணம், வாங்கியவருக்குப் பசுமைப் பெயர். அமெரிக்கச் சூரியப் பலகைகளைக் காட்டி ஐரோப்பாவில் ஓர் உரிமத்தைக்கூடக் குறைத்துக் கொடுக்கவும் முடியாது. ஆனால் கூடவே 7,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட திட்டங்களும் வந்தன. அவற்றில் எதைக் கட்டி முடிக்கிறார்களோ அது புதிய வினை. அதை மனமார வரவு வைப்பேன், அதற்குரிய பக்கத்தில். சுரங்கத்தின் பக்கத்தில் அதைக் கொண்டுவந்து கழிக்க விடமாட்டேன். பிராயச்சித்தத்துக்கு நூல்களில் இடம் உண்டு. செய்யும் பாவத்தைத் தொடர்ந்துகொண்டே அதைச் செய்தால் நான் கையெழுத்துப் போடுவதற்கில்லை.

அதே நிறுவனத்தின் நியூராத் மின்நிலையத்தில் இரண்டு பழுப்பு நிலக்கரி அலகுகள் 2022 இறுதியில் மூடப்பட வேண்டியவை. எரிவாயு நெருக்கடியால் ஆயுள் நீட்டிக்கப்பட்டு, 2024 மார்ச் இறுதியில் மூடப்பட்டன. சுரங்கத்தின் பக்கத்தில் நான் ஒப்புக்கொள்ளும் பதிவு அந்த மூடல்தான். 680 கோடி டாலரை முதலீடு என்ற தலைப்பில் எழுதுவேன்.