கண்ணில்லாத காவலன்

கீழ்க்கட்டளையில் எங்கள் தெரு வீட்டுக்காரர் ஒருவர், குடியிருந்த அம்மாள் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியில் எய்ட்ஸ் கிருமிக்கு மருந்து வாங்குவதை அறிந்து, காலி செய்யச் சொல்லிவிட்டார். “அடையாளம் தெரிந்த பிறகு எப்படி சார் வைத்துக்கொள்வது?” என்று என்னையே கேட்டார்.

அடையாளம்! உயிரணுவின் உட்கருவுக்கும் வாசல்கள் உண்டு. லூசின் என்ற அமினோ அமிலம் இடையிடையே வரும் சிறு துண்டு ஒரு புரதத்தில் இருந்தால், எக்ஸ்போர்ட்டின் என்ற காவலன் கைபிடித்து வெளியே அழைத்துப் போகிறான். 1995-இல் இந்த அடையாளம் முதலில் தெரியவந்த புரதங்களில் ஒன்று, அதே எய்ட்ஸ் கிருமியின் ‘ரெவ்’. கிருமியின் வெட்டி ஒட்டப்படாத ஆர்.என்.ஏ.வைச் சுமந்துகொண்டு அது வெளியேறுகிறது. காவலன் பார்ப்பது அடையாளத்தை, சுமையை அல்ல. அவனை எப்படிக் குற்றம் சொல்வது? அவனுக்குக் கண் ஏது?

வீட்டுக்காரருக்கு இருந்தது. எனக்கும்தான். “பார்த்துச் செய்யுங்கள்” என்று மழுப்பிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அந்த அம்மாள் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.