புதிய புரவலர்

புசா ரோட்டில் மெட்ரோ தூண்களின் நிழலையொட்டி மாலைதோறும் நடக்கும் முதியவர் சிலருள் யானும் ஒருவன். அனைவரும் மைய அரசின் அலுவலகங்களில் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தவர்கள். ஒருநாள் எங்கள் பேச்சு, பென்ஷனை விட்டு, டென்னிஸ் வீரர் ரோஜர் பெடரர் சட்டை மாற்றிய கதைக்குச் சென்றது. "முப்பத்தாறு வயதில் புது முதலாளியைத் தேடுவானேன்? பேராசை!" என்றார் நண்பர். எனக்கு அத்தீர்ப்பு எளிதில் செரிக்கவில்லை.

நடந்தது இதுதான். இளமை முதல் நைக்கி நிறுவனத்தின் உடையையே அணிந்துவந்தார் பெடரர். 2018 மார்ச்சில் அந்த ஒப்பந்தம் முடிந்தது. அவ்வாண்டு ஜூலை 2ஆம் நாள் விம்பிள்டன் மைய அரங்கில் அவர் நுழைந்தபோது மார்பில் இருந்தது யூனிக்ளோ என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் சின்னம். பத்தாண்டுகளுக்கு 30 கோடி டாலர் என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்நிறுவனம் டென்னிஸ் காலணி செய்வதில்லை; ஆதலால் காலில் மட்டும் பழைய நைக்கி தொடர்ந்தது. உடலில் ஜப்பான், அடியில் அமெரிக்கா!

வணிகக் கணக்கில் பார்த்தால் இது விந்தையே. அதன்பின் அவர் ஒரு கிராண்ட் ஸ்லாம் பட்டமும் வெல்லவில்லை. 2019 விம்பிள்டன் இறுதியில் வெற்றிக்கு ஒரு புள்ளியே தேவை என்ற நிலையை இருமுறை எட்டியும் தோற்றார். 2022 செப்டம்பரில் ஓய்வு பெற்றார். அப்படியானால் ஜப்பானியர் விலைக்கு வாங்கியது எதை? இனி அவர் ஆடப்போகும் ஆட்டத்தையன்று. இதுகாறும் ஆடிச் சேர்த்த பெயரையே.

இத்தகைய நிறுவனத்தை நாம் 'புரவலர்' என்கிறோம். பொருத்தமான சொல்தான். நம் பாணனும் புலவனும் புரவலரைத் தேடிக் காடும் மலையும் கடந்தவர்கள். அதற்கு வழிகாட்டவே ஆற்றுப்படை என்றொரு நூல்வகை பிறந்தது. அவர்களை நாம் பேராசைக்காரர் என்பதில்லை. ஆயினும் அதியமான் தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார் என்று புறநானூறு காட்டுகிறது. தம் புலமையை அளந்து பார்த்துத் தருவது சிறிதாயினும் போதும் என்பது அவர் நிலை. கேட்பது குற்றமன்று, எதற்காகத் தரப்படுகிறது என்று அறியாமல் பெறுவதே இழுக்கு.

நம்மவர் ஒருவரையும் இங்கே நினைக்கிறேன். இராமநாதன் கிருஷ்ணனுக்கு 1959இல் ஜாக் கிராமர் மூன்றாண்டுகளுக்கு 1,50,000 டாலர் தர முன்வந்தார். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு விம்பிள்டன் கதவு மூடியிருந்த காலம் அது, 1968இல்தான் திறந்தது. கிருஷ்ணன் மறுத்தார், 1960, 1961 ஆகிய ஈராண்டும் விம்பிள்டன் அரையிறுதிவரை சென்றார். அவர் உயர்ந்தவர், இவர் தாழ்ந்தவர் என்று நண்பர் முடித்துவிடக்கூடும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கிருஷ்ணன் காலத்தில் பணம் பெற்றால் ஆட்டக்களத்தையே இழக்கவேண்டும். பெடரருக்கு அந்த நெருக்கடி இல்லை.

ஆனால் பெடரருக்கும் ஓர் இழப்பு நேர்ந்தது. அவர் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் பின்னிய சின்னம் நைக்கியின் உடைமையாய் இருந்தது. சட்டையோடு அதுவும் போயிற்று. ஒருநாள் அவை தம்மிடம் வரும், அவை தம் எழுத்துகளல்லவா என்று அவர் அப்போதே சொன்னார். கோடிகளைப் பற்றிய செய்தியைவிட இதுவே என்னை வருத்தியது. 2020இல்தான் அவை அவர் கைக்கு வந்தன.

ஏன் வருத்தியது? எனக்கும் அது நேர்ந்ததால்தான். ஓய்வு பெற்ற மறுவாரம் அலுவலகத்துக்கு ஒரு தாளைப் பெறப் போனேன். என் அறைக் கதவில் வேறு பெயர். அது முறையே. ஆனால் என் பலகை தாழ்வாரத்தில், கால் உடைந்த நாற்காலியின்மேல் கிடந்தது. பதவி அவர்களுடையது, பெயர் என்னுடையதாயிற்றே! எடுத்துக்கொள்ளலாமா என்று ஊழியரைக் கேட்டேன். அரசுச் சொத்து, கணக்கில் இருக்கிறது என்றார். முப்பத்துநான்கு ஆண்டுகள் அந்தப் பதவியையே என் பெயர்போல் சொல்லி வந்தவன் நான்; ஊர்த் திருமணங்களில் பத்திரிகையிலும் அதை அச்சிடச் செய்தவன். அவர்மேல் கோபப்பட எனக்கு வாயில்லை.

அரசுக் குடியிருப்பை விட்டு இங்கு வந்ததும் புதுப் பலகை ஒன்று செய்வித்தேன். பதவியைக் குறிக்கவில்லை, தந்தையார் பெயரின் முதலெழுத்தும் என் பெயரும் தமிழில். அஞ்சல்காரருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு கடிதம் தவறிப் போனபின் கீழே இந்தியிலும் எழுதச் சொன்னேன்.