முன்னோரைத் தேடலும் அதற்குரிய நெறியும்

சைவ மக்களின் வாழ்வில் பிதிர்க்கடன் முதன்மையானது. இல்வாழ்வான் பேண வேண்டியவர்களுள் தென்புலத்தாரையே திருவள்ளுவர் முதலில் வைத்தார். ஆடி அமாவாசையன்று கீரிமலையில் தர்ப்பணம் செய்யும்போது தந்தை, பாட்டனார், பூட்டனார் என மூன்று தலைமுறையினரின் பெயரையும் சொல்ல வேண்டும். பூட்டனார் பெயர் தெரியாது தடுமாறுவோர் இன்று பலர். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் உறுதிகளையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும் இழந்த குடும்பங்கள் எத்தனை! கேட்டறிய உறவினரும் அருகில் இல்லை.

இந்நிலையில் இணையம் பெருந்துணை புரிகின்றது. 2005இல் ஆரம்பிக்கப்பட்ட ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்து நூல்களோடு, அந்தியேட்டியன்று நாம் வெளியிடும் நினைவு மலர்களும் சேர்க்கப்பட்டு வருகின்றன. அம்மலர்களிலே வம்சாவளி அச்சிடுவது எமது வழக்கம். வீட்டில் அழிந்துபோன மலர் அங்கே கிடைக்கக்கூடும்.

ஆயினும் கருவி நல்லதென்பதால் மட்டும் செயல் அறமாகிவிடாது. மூன்று விடயங்களைச் சிந்திக்க வேண்டும்.

முதலாவது உண்மை. எம்மவர் பெரும்பாலும் தகப்பன் பெயரையே முன்னெழுத்தாகக் கொள்பவர்கள். ஓர் ஊரிலேயே பல கந்தையாக்கள், பல சின்னத்தம்பிகள். ஒரே பெயர் ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதப்பட்டிருப்பதை எழுதுவினைஞராகக் கடமையாற்றிய காலத்தில் நிறையக் கண்டிருக்கிறேன். பெயர் ஒத்துப்போனதற்காக வேறொருவரின் மூதாதையைத் தமதாக்கலாகாது. பதிவுகளோடும் பெரியவர்களின் வாய்மொழியோடும் ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

இரண்டாவது அடக்கம். தேடும்போது மறைக்கப்பட்ட விவாகமோ, கைவிடப்பட்ட பிள்ளையோ தெரியவரலாம். அறிவது வேறு, ஊரறியப் பரப்புவது வேறு. இறந்தவர் மறுமொழி சொல்ல வரமாட்டார். ஆனால் அப்பிள்ளையின் வழிவந்தவர் தம் வேரைக் கேட்டு வந்தால் மறைப்பதும் அறமன்று. அவருக்குரியதை அவரிடம் தனியே சொல்லுவதே முறை. உயிரோடிருப்பவரின் பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், முகவரி என்பவற்றை அவரது சம்மதமின்றி இணையத்தில் இடுதலும் தகாது.

மூன்றாவது நோக்கம். ஒல்லாந்தர் காலத் தோம்புகளிலே காணியோடு சாதியும் பதியப்பட்டது. அது வரியும் ஊழியமும் பெறுவதற்கு ஆட்சியாளர் வைத்த கணக்கு. அதனைக் காட்டி இன்று பெருமை பேசுவது பேதைமை. பிரிந்த உறவைச் சேர்ப்பதற்கே தேடல் உதவ வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன், வீட்டிலுள்ள முதியோரே நாம் புரட்ட வேண்டிய முதல் ஏடு. அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் அருகிலிருந்து கேட்டு எழுதி வைக்கட்டும். எம்பெருமான் திருவருள் துணைநிற்பதாக.