சொல்லிவிட்டால் கடமை முடிந்ததா?



போன செமெஸ்டரில் எங்கள் பொறியியல் வகுப்பில் கத்ரீனா சூறாவளி பற்றிப் பேச்சு வந்தது. 2005 ஆகஸ்டு 29-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைத் தாக்கிய புயல் அது. எல்லாரும் கட்டாயம் வெளியேற வேண்டும் என்று முந்தின நாளே மேயர் உத்தரவு போட்டுவிட்டார். அப்படியும் பல்லாயிரம் பேர் போகவில்லை. நான் சட்டென்று சொன்னேன்: "சொல்லியும் கேக்கலேன்னா யாரு என்ன செய்ய முடியும்? அவங்க தலைவிதி!"

விரிவுரையாளர் கோபப்படவில்லை. "கார் இல்லாதவன் எப்படிப் போவான்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன்.

அந்த நகரில் கார் இல்லாதவர்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். மாதக் கடைசி வேறு. ஒன்றாம் தேதி வரும் உதவிப் பணத்தை நம்பியிருந்தவர்கள் கையில் காசு இல்லை. லூசியானா மாநிலத்தில் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். இது யாரும் எதிர்பாராததும் இல்லை. 2004 ஜூலையிலேயே 'பாம்' என்று ஒரு கற்பனைப் புயலுக்குப் பெயர் வைத்து அதிகாரிகள் ஒத்திகை பார்த்தார்கள். நகரம் மூழ்கும், வண்டி இல்லாதவர்கள் சிக்கிக்கொள்வார்கள் என்பது அப்போதே தெரிந்தது.

என்னை அதிகம் சுட்டது வேறொன்று. சில கால்வாய்ச் சுவர்கள், தண்ணீர் உச்சியைத் தொடும் முன்பே சரிந்தன. வடிவமைப்பிலேயே குறை. நகரத்தில் 80 விழுக்காடு மூழ்கியது. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் என்னைப் போல் படித்தவர்கள்தான். அதைப் போய் யார் தலைவிதி என்பது?

அப்போதுதான் பாட்டி ஞாபகம் வந்தது. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வெள்ளம் ஏறியதே, நினைவிருக்கிறதா? கிள்ளானில் தனியாக இருந்த பாட்டிக்குப் போன் போட்டு, "உடனே கிளம்புங்க பாட்டி" என்றேன். "எங்கய்யா கிளம்புறது? முட்டி மடங்கல. வண்டி ஓட்ட யாரு இருக்கா?" என்றார். வெறும் பிடிவாதம் என்று எரிச்சலோடு போனை வைத்தேன். சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று ஒரு நிம்மதி வேறு! கடைசியில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அண்ணன்தான் காப்பாற்றினார். அவர் பாட்டியைக் கிளம்பச் சொல்லவில்லை. முதுகைக் காட்டிக் குனிந்தார்.

விதியே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு வந்த துன்பத்தை 'என் வினை' என்று நான் ஏற்றுக்கொண்டால் அது பக்குவம். அடுத்தவர் மூழ்கும்போது 'அவன் வினை' என்றால் அது கைகழுவுதல்.

"சிலர் உண்மையிலேயே பிடிவாதக்காரர்கள்தானே?" என்று கேட்கலாம். வங்காளதேசத்தைப் பாருங்கள். 1970-இல் போலா புயலில் அங்கே குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். அதன்பின் கரையோரக் கிராமங்களிலேயே தொண்டர்களைத் திரட்டினார்கள். இன்று 70,000 பேருக்கும் மேல். பாதிப் பேர் பெண்கள். ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போகிறார்கள், நடக்க முடியாதவர்களைக் கூட்டி வருகிறார்கள். மாட்டை விட்டு வர மாட்டேன் என்றவர்களைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. மாடுகளுக்கும் உயரமான மண்மேடு கட்டினார்கள். 2020-இல் ஆம்பன் புயலின்போது 20 லட்சம் பேருக்கும் மேல் பாதுகாப்பிடங்களுக்குப் போனார்கள். அந்நாட்டில் இறந்தவர்கள் சில பத்துப் பேர்தான்.

போகாதவரிடம் 'ஏன் போகவில்லை?' என்று புயலுக்குப் பிறகு கேட்டால் அது குற்றச்சாட்டு. புயலுக்கு முன்பே கேட்டால் அதுதான் தயார்நிலை.

நம் தாமானில் யாரால் படி இறங்க முடியாது? யாரிடம் வண்டி இல்லை? யார் யாரைத் தூக்குவது? மழைக்காலத்துக்கு முன் ஒரு பட்டியல் எடுக்க நம் இளைஞர்களுக்கு ஒரு சனிக்கிழமை போதும். பாட்டியின் தெருவில் நான் தொடங்கிவிட்டேன். இதுவரை ஒன்பது பெயர்கள். அந்த மலாய்க்கார அண்ணனின் அம்மாவும் அதில் இருக்கிறார். அவருக்கு நேராக என் பெயரை எழுதியிருக்கிறேன்.